ஊசியதும் நமுத்ததும் ஒன்றா?

போன மாதம் ஒரு நண்பனோடு சின்னச் சண்டை. பசி, குளிர், ஆபத்து எல்லாவற்றையும் தாண்டி உயிர்பிழைத்திருப்பதே ஆட்டம் என்று இருக்கும் சர்வைவல் கேம் எதை இறக்கினாலும் அவன் முதல் வேலையாக செட்டிங்ஸுக்குள் போய், சாப்பாடு கெட்டுப்போகாமல் ஏதாவது செய்துவிட்டுத்தான் விளையாடவே உட்காருவான். "ஆபீஸ் முடிஞ்சு வந்து உட்கார்றேன், இங்கேயும் ஃபிரிட்ஜ் சுத்தம் பண்ணணுமாடா?" என்பது அவன் கட்சி. எனக்கோ சாப்பாடு கெடாத சர்வைவல் கேம் சப்பென்று இருக்கும். காட்டில் தனியாக மாட்டிக்கொண்டவன் பையில் ஒரு வருடத்துக்கான பச்சை இறைச்சி அப்படியே கிடக்கிறது என்றால், அவனுக்கு என்னதான் கவலை?

ஆனால் அன்றைக்குப் படுத்தபின் யோசித்ததில், அவன் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. பெரும்பாலான கேம்களில் சாப்பாடு கெடுவதே இல்லை. அதன் தலைமேல் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அவ்வளவுதான்.

2013இல் வந்த டோன்ட் ஸ்டார்வை எடுத்துக்கொள்வோம். எனக்கு மிகவும் பிடித்த கேம், அதனால் உரிமையோடு குறை சொல்கிறேன். அதில் உணவுக்குப் பின்னால் ஒரு நிறம் இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு, அப்புறம் அழுகல். பச்சை இறைச்சி 6 நாள் தாங்கும். உலர்த்தும் சட்டத்தில் தொங்கவிட்டுக் காயவைத்தால் 20 நாள். ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் கடிகாரம் பாதி வேகத்தில் ஓடும். தேன் கெடவே கெடாது, அது சரிதான். ஆனால் கேரட், பெர்ரி, இறைச்சி, பாடுபட்டுச் சமைத்த குழம்பு என்று எது கெட்டாலும் கடைசியில் கையில் கிடைப்பது ஒரே அழுகல் உருண்டை. முட்டைக்கு மட்டும் ஒரு சலுகை: அழுகிய முட்டை தனிப் பொருள், அதை வெடிமருந்து செய்யப் பயன்படுத்தலாம். என் மனக்குறை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

நம் சமையலறையில் எல்லாம் ஒரே மாதிரியா கெடுகிறது? சாம்பார் ஊசிப்போகும். அப்பளம் நமுத்துப்போகும். பால் திரியும். கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். தக்காளி அழுகும், பிரெட்டில் பூசணம் பிடிக்கும், பருப்பில் வண்டு விழும், மாவு புளிக்கும். அப்பளம் ஊசிப்போச்சு என்று யாராவது சொன்னால் நமக்குச் சிரிப்பு வரும். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு நோயின் பெயர். நோய் வேறு என்றால் வைத்தியமும் வேறு.

சாம்பார் ஊசுவது பாக்டீரியாவின் வேலை. அதற்கு ஈரமும் மிதமான சூடும் வேண்டும். அதனால்தான் ராத்திரி மறுபடி கொதிக்க வைக்கிறோம், இல்லாவிட்டால் ஃபிரிட்ஜில் தள்ளுகிறோம். எண்ணெய் சிக்கடிப்பதற்கு உயிரி எதுவும் வேண்டாம், காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் வெளிச்சமும் போதும். அதைக் கொதிக்க வைத்தால் இன்னும் மோசமாகும். இருட்டில் மூடி வைப்பதுதான் வழி. அப்பளம் நமுப்பது வெறும் ஈரம். அது கெட்டதே இல்லை, வெயிலில் காட்டினால் திரும்பி வந்துவிடும். பருப்பில் வண்டு என்றால் அது பூச்சிப் பிரச்சினை, காய்ந்த மிளகாயைப் போட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். இத்தனையையும் ஒரே பச்சை, மஞ்சள், சிவப்பில் அடக்கினால் விளையாடுபவனுக்கு யோசிக்க என்ன மிஞ்சுகிறது? சீக்கிரம் தின்னு, அல்லது பெட்டிக்குள் வை. நண்பன் ஃபிரிட்ஜ் சுத்தம் என்று சொன்னது இதைத்தான்.

ரிம்வேர்ல்ட் என்ற கேமில் இது ஒரு படி மேல். அங்கே வெப்பநிலை உண்மையாகவே கணக்கில் வரும். 10 டிகிரிக்கு மேல் முழு வேகம், அதற்குக் கீழே மெதுவாகும், உறைநிலைக்குக் கீழே நின்றுவிடும். சூரியப் புயல் வந்து கரண்ட் போனால் குளிரறைக்குள் இருக்கும் மொத்தக் கையிருப்பும் ஆட்டம் காணும். வெயில் காலத்தில் அந்த அறிவிப்பு வரும்போது எனக்கு உள்ளங்கை வேர்க்கும். ஆனாலும் அதில் சமைக்காத அரிசியே 40 நாளில் அழுகத் தொடங்கும். (அந்த உலகத்தில் வருடத்துக்கே 60 நாள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அநியாயம்.) பழைய அரிசிக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் ஊரில் பிறந்தவனுக்கு அது உறுத்தத்தானே செய்யும்? காய்ந்த அரிசி அழுகுவதற்கு அதில் தண்ணீர் எங்கே இருக்கிறது? வண்டு விழட்டும், எலி தின்னட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

இந்தத் தண்ணீர் விஷயத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. உணவைப் பாதுகாக்கும் பழைய முறைகளில் பெரும்பாதி, கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்யும் தந்திரம்தான். வெயிலில் காயவைத்தால் தண்ணீர் வெளியே போய்விடும். உப்போ சர்க்கரையோ போட்டால் தண்ணீர் உள்ளேயே இருக்கும், ஆனால் கிருமியால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. தேனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் தண்ணீர், அதுவும் சர்க்கரையின் பிடியில். இந்த ஒரு விதியை மட்டும் உள்ளே வைத்தால் கருவாடு, வத்தல், உப்புக்கண்டம், ஜாம் எல்லாம் தானாக வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் இத்தனை நாள் என்று தனித்தனியாக எழுதிவைக்கத் தேவையில்லை. மழைக்காலத்தில் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, கருவாடு மறுபடி சொதசொதவென்று ஆவதும் அதே விதியில் வந்துவிடும்.

அடுத்தது தொற்று. ஒரு கூடைத் தக்காளியில் ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதெல்லாம் போகும், இது குழந்தைக்கும் தெரியும். டோன்ட் ஸ்டார்வில் பழைய காய்களோடு புதுக் காயைச் சேர்த்தால் சராசரி எடுத்து, பழசு கொஞ்சம் புதுசாகிவிடும். ஆர்க் என்ற கேமில் இன்னும் வேடிக்கை. ஒரு அடுக்கில் இருபது இறைச்சி இருந்தால் ஒவ்வொன்றாகத்தான் கெடும். முதல் துண்டு கெடும் வரை மற்ற பத்தொன்பதும் பொறுமையாக வரிசையில் நிற்கும், ரேஷன் கடை மாதிரி. அந்த கேமில் மயக்க மருந்து தயாரிக்கக் கெட்டுப்போன இறைச்சி வேண்டும் என்பதால், ஆட்கள் அடுக்கைப் பிரித்துத் தனித்தனியாக வைத்து வேண்டுமென்றே கெடவைப்பார்கள். சேர்த்து வைத்தால் நல்லது, பிரித்து வைத்தால் கெடும். உலகம் தலைகீழ்.

தி லாங் டார்க் பற்றி ஒரே ஒரு முறையீடு. கனடாப் பனிக்காட்டில் குளிரையும் பசியையும் அவ்வளவு அழகாகச் செய்தவர்கள், சமையல் திறமை ஐந்தாம் படிக்கு வந்துவிட்டால் பாழாய்ப்போன இறைச்சியையும் சமைத்துப் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று வைத்துவிட்டார்கள். சில கிருமிகள் விட்டுப்போகும் நச்சு எவ்வளவு கொதித்தாலும் அழியாது. வெளியே கிடந்த சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டும் வாந்தி எடுப்பது அதனால்தான். அதற்கு நளனே வந்து சமைத்தாலும் பிரயோஜனம் இல்லை.

ப்ராஜெக்ட் சொம்பாய்டில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1993 ஜூலையில் கென்டக்கியில் ஆட்டம் தொடங்கும். முதல் சில நாள் ஃபிரிட்ஜ் ஓடும், பிறகு ஒருநாள் கரண்ட் போகும், திரும்பி வராது. 2018இல் கஜா புயல் அடித்தபோது வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த டெல்டாக்காரர்களுக்கு அந்த மௌனம் புதிதாக இருக்காது. கரண்ட் போனபின் காய்கறியை ஜாடியில் அடைக்கலாம், அதற்கு மூடியும் சர்க்கரையும் வினிகரும் கேட்கும். அந்த வினிகரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. காற்றுப் புகாத ஜாடிக்குள் வளரும் பாட்டுலினம் என்ற கிருமி, வெறும் கொதிநீரில் சாகாது. ஆனால் போதிய புளிப்பு இருந்தால், அதாவது பிஹெச் 4.6க்குக் கீழே போனால், தலைதூக்காது. யாரோ படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறார்கள்.

புளிப்பு என்றதும் இன்னொன்று. மாவு புளிப்பதும் சாம்பார் ஊசுவதும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான், செய்யும் ஆட்கள் வேறு. எந்தக் கிருமி முதலில் இடம்பிடிக்கிறது என்பதில்தான் எல்லாம். விண்டேஜ் ஸ்டோரி இதைத் தொட்டிருக்கிறது. அதில் காய்களைப் பீப்பாயில் உப்புநீரில் ஊறப்போடலாம், பாலாடைக்கட்டியைப் பாதாள அறையில் முதிர விடலாம். மண் தாழி தானியத்துக்குத்தான் அதிகம் உதவும். சமைத்ததை ஜாடியில் ஊற்றி, வாயில் கொழுப்போ தேன்மெழுகோ பூசி மூடினால் பல மாதம் கிடக்கும். எந்த உணவுக்கு எந்தப் பாத்திரம் என்று யோசிக்கவைக்கும் கேம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். குளிர்காலம் வருவதற்குள் உப்பு தேடி அலைந்த நாட்களில், சாப்பாடு கெடுவது எனக்குத் தொல்லையாகவே தெரியவில்லை. கதையே அதுதானே.

எட்டு வகைக் கெடுதலும் வேண்டும் என்று கேட்கவில்லை. அவ்வளவு வைத்தால் நானே அணைத்துவிடுவேன். ஊசுவது, நமுப்பது, பூச்சி விழுவது, இந்த மூன்றை மட்டும் பிரித்தால் போதும். முடிந்தால் ஈரக் கரண்டியும். போன வருடம் அம்மா கொடுத்துவிட்ட ஆவக்காய் ஜாடியில் நான் அவசரத்துக்கு ஈரக் கரண்டியை விட்டு, பத்தே நாளில் மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. போனில் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

நண்பனை ஒருவழியாக விண்டேஜ் ஸ்டோரிக்கு இழுத்துவிட்டேன். செட்டிங்ஸைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு சேர்ந்து விளையாடுகிறோம். போன சனிக்கிழமை, பனி கொட்டும் மாதத்தில், பாதாள அறைக்குள் போனால் மெழுகு பூசி வைத்திருந்த ஜாடிகளில் நான்கு திறந்து கிடக்கின்றன. கேட்டால், ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டானாம், ஒரே சாப்பாடு அலுத்துப்போச்சாம்.

"நாலையுமா திறந்தே? ஒண்ணை முடிச்சிட்டு அடுத்ததைத் தொடக்கூடாதா?" என்று ஹெட்செட்டில் கத்தினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான், "டேய், உங்கம்மா பக்கத்துல இருக்காங்களா?"