மிதவை கால் பங்குக்கு வந்ததும் போனை எடுங்கள்
குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எரிக்கும் ஹீட்டிங் ஆயிலைக் கோடையிலேயே வாங்கினால் மலிவு என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பெரும்பாலும் சரிதான், ஆனால் 2022 கோடையில் உக்ரைன் போரால் விலை எகிறிக் கிடந்ததே! மாசசூசெட்ஸில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் இருப்பது 275 காலன் டேங்க். டீலரே தானாக வந்து நிரப்பும் ஒப்பந்தத்தை விட்டுவிட்டேன். டேங்க் மேலே எண்ணெய் அளவைக் காட்டும் மிதவை கால் பங்குக்கு இறங்கியதும் நாலு டீலர்களிடம் விலை கேட்பேன். 100 காலனுக்குப் பதில் 150 எடுத்தால் காலனுக்குச் சில சென்ட் குறைகிறது. ஒரு ஜனவரியில், விலை இன்னும் இறங்கட்டும் என்று காத்திருந்து டேங்க் வற்றிப்போனது. ராத்திரியில் பங்க்கிலிருந்து 5 காலன் டீசல் வாங்கி ஊற்றினேன் (பர்னர் அதையும் எரிக்கும்). அப்புறம் குழாயில் ஏறிய காற்றை எடுக்க ஆள் வந்தார். அந்த வருஷம் மிச்சம் பிடித்ததெல்லாம் அவருக்கே போனது.