கனடா ரெசிடென்ஷியல் ஸ்கூல் 1969-லயே முடிஞ்சிடலை

மேல ஒருத்தர், கனடாவுல பழங்குடிப் பசங்களைக் குடும்பத்துலேர்ந்து பிரிச்சுத் தங்க வெச்ச ரெசிடென்ஷியல் ஸ்கூல் எல்லாம் 1969-லயே மூடியாச்சு, அதுல படிச்சவங்க இப்ப யாரும் உயிரோட இல்ல, அப்புறம் அங்க படிச்சவங்க பேச்சை ரெக்கார்ட் பண்ணி ஆடியோ ப்ராஜெக்ட் செஞ்ச ஸ்டூடன்ட், அதுல யாரோட குரலைத்தான் வெச்சாங்கன்னு கேட்டிருக்காரு. நியாயமான கேள்விதான், ஆனா அந்த வருஷக் கணக்கு சரியில்லைங்க.

1969-ல நடந்தது என்னன்னா, அதுவரைக்கும் சர்ச்சுங்க கையில இருந்த நிர்வாகத்தை கனடா மத்திய அரசு தானே எடுத்துக்கிச்சு, அவ்ளோதான், ஸ்கூலை மூடலை, அதுக்கப்புறமும் நிறைய ஸ்கூல் ஓடிட்டுதான் இருந்துச்சு, சஸ்காட்செவான் மாகாணத்துல இருந்த கார்டன்ஸ் (Gordon's) ஸ்கூல் மூடினதே 1996-லதான். அங்க கடைசியா படிச்ச பசங்களுக்கு இப்ப நாப்பது வயசு சொச்சம்தான் இருக்கும், நம்மள்ல சில பேரோட செட்டு! இந்த ஸ்கூல்கள்ல என்ன நடந்துச்சுன்னு விசாரிக்க 2008-ல ஆரம்பிச்ச உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்கிட்ட 6,500 பேருக்கு மேல வாக்குமூலம் குடுத்திருக்காங்க, அதுல பெரும்பாலானவங்க இந்த மாதிரி ஸ்கூல்கள்ல படிச்சவங்களேதான். அதனால அந்த ஸ்டூடன்ட் நேர்ல ஆளைப் பார்த்து ரெக்கார்ட் பண்ணதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

நான் சொல்றதை அப்படியே நம்ப வேணாம். ஆணையத்தோட 2015 இறுதி அறிக்கை நெட்ல ஃப்ரீயாவே கிடைக்குது. இல்லன்னா வின்னிபெக்ல மனிடோபா யூனிவர்சிட்டில இருக்குற தேசிய உண்மை நல்லிணக்க மையத்தோட சைட்ல ஸ்கூல் பேரைப் போட்டுத் தேடுங்க, எப்ப திறந்தாங்க, எப்ப மூடினாங்கன்னு ஒவ்வொண்ணுக்கும் இருக்கும், முதல்ல கார்டன்ஸைப் பாருங்க.