இலை படம் போட்ட பிஸ்கட்

அப்பாவுக்குச் சர்க்கரை. அவருக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் எடுப்பதற்குள் கடையில் கால் மணி நேரம் போய்விடுகிறது. முன்பக்கத்தில் 'நார்ச்சத்து நிறைந்தது' என்று கட்டைவிரல் பருமனில் எழுத்து, ஒரு பச்சை இலை, ஒரு இதயம். திருப்பினால் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. செல்போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படித்தேன். முதலில் மைதா, அடுத்து பாமாயில், அப்புறம் சர்க்கரை. எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். படத்தில் கொட்டிக் கிடக்கும் ஓட்ஸ் எங்கோ வால் பக்கத்தில் இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே விதி போட்டுவிட்டது. 100 கிராமில் 6 கிராம் நார்ச்சத்து இருந்தால் 'நிறைந்தது' என்று போட்டுக்கொள்ளலாம். இதில் இருக்கிறது. பொய் என்று சண்டை போடக்கூட வழியில்லை! அதே 100 கிராமில் 20 கிராம் சர்க்கரையும் இருக்கிறதே, அதை ஏன் கட்டைவிரல் பருமனில் போடவில்லை?

'ஹெல்த் ட்ரிங்க்' கதையும் இதுதான். அப்படி ஒரு வகையே உணவுச் சட்டத்தில் கிடையாது, அந்தத் தலைப்பின் கீழ் விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்கு ஆணையம் சொன்னது 2024 ஏப்ரலில். அதற்குள் நாங்கள் ஒரு தலைமுறையே டம்ளர் டம்ளராகக் குடித்து வளர்ந்துவிட்டோம். உயரம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

கடைசியில் கால் கிலோ வறுத்த கடலை வாங்கி வந்தேன். பொட்டலத்தில் ஒரு எழுத்தும் இல்லை.

"பிஸ்கட் எங்கடா?" என்கிறார் அப்பா.