கனடா பண்ணையில் 8 மாதம் வேலை பார்த்தால் பி.ஆர். கிடைத்துவிடுமா?

"கனடா பண்ணையில் 8 மாதம் வேலை பாருங்கள், நிரந்தரக் குடியுரிமை தானாக வந்துவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது உண்மை இல்லை. 'நிரந்தரக் குடியுரிமை' என்று அந்தச் செய்தி சொல்வது பி.ஆர்., அதாவது கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை.

அந்த 8 மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. கனடாவின் பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டத்தில் அதிகபட்சம் 8 மாதம்தான் வேலை செய்யலாம். டிசம்பர் 15க்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். 1966இல் ஜமைக்காவுடன் தொடங்கிய இந்தத் திட்டம் மெக்சிகோவுக்கும் சில கரீபியன் நாடுகளுக்கும் மட்டுமே. இந்தியரும் இலங்கையரும் இதில் சேரவே முடியாது. சேர முடிந்தவர்களுக்கும், பல வருடம் போய் வந்தாலும், இந்தத் திட்டத்தின் வழியாக பி.ஆர். கிடையாது.

சரி, பண்ணை வேலைக்கென்று தனி பி.ஆர். வழியே இருந்ததில்லையா? இருந்தது. 2020 மே மாதம் விவசாய உணவுத் துறைக்கான முன்னோடித் திட்டம் தொடங்கியது. பசுமைக்குடில், காளான், கால்நடை வளர்ப்பு, இறைச்சி பதப்படுத்தல் போன்ற வேலைகளுக்கு அது பொருந்தும். ஆனால் கனடாவிலேயே ஓராண்டு முழுநேர வேலை செய்திருக்க வேண்டும், அதுவும் பருவகால வேலையாக இருக்கக்கூடாது. மொழித் தேர்வும் பள்ளிப் படிப்புச் சான்றும் வேறு கேட்டார்கள். 2025இல் புதிய விண்ணப்பங்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லி இன்றைக்கும் பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

அப்புறம் ஒன்று, பி.ஆர். என்பது குடியுரிமை அல்ல. அது வசிக்கும் உரிமை மட்டுமே. குடியுரிமைக்கு 5 ஆண்டுகளில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும்.