கலிப்போலிக் கரையில் இறங்கிய மலைப் பீரங்கிப் படையினர்

முதல் உலகப் போரின்போது, 1915 ஏப்ரல் 25 அன்று, துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் அந்நாட்டுப் படைகளை எதிர்த்துக் கரையிறங்கிய நேச நாட்டு வீரர்களுக்கு ஆண்டுதோறும் விடியற்காலையில் நடைபெறும் அஞ்சலியைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன்; சிறப்பாக உள்ளது. ஆனால் ஆஸ்திரேலியர், நியூசிலாந்தினர் ஆகியோரோடு கட்டுரை நின்றுவிட்டது ஒரு குறையே. அன்று முற்பகலிலேயே அத்தீபகற்பத்தின் மேற்குக் கரையிலுள்ள அன்சாக் குடாவில் இறங்கியவர்களுள் பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தின் 26ஆவது மலைப் பீரங்கிப் பிரிவினரும் இருந்தனர். சீக்கியரும் பஞ்சாபி முஸ்லிம்களும் நிறைந்த அப்பிரிவினர், தனித்தனிப் பாகங்களாகக் கழற்றிய பீரங்கிகளைக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி, முட்புதர் மண்டிய சரிவுகளின் வழியே மேட்டுக்குக் கொண்டு சென்று, அங்கே மீண்டும் பூட்டி, நண்பகல் வாக்கில் சுடத் தொடங்கினர். துருக்கியரின் எதிர்த்தாக்குதல் கடுமையாக இருந்ததால், பலரை இழந்த பிறகு, பிற்பகலில் அவர்கள் பின்வாங்க நேர்ந்தது.

குடிநீருக்கே பெரும்பாடாக இருந்த அந்தக் குன்றுகளுக்கு, அதன்பின் மாதக்கணக்கில் தண்ணீரையும் தோட்டாக்களையும் சுமந்து சென்றவை இந்தியக் கோவேறு கழுதைப் படையின் விலங்குகள்தாம் (அவற்றை ஓட்டிச் சென்றவர்களை யார் படமெடுத்து வைக்கப் போகிறார்கள்!). தீபகற்பத்தின் தென்முனையிலுள்ள ஹெல்லிஸ் பகுதியில், ஜூன் 4ஆம் நாள் நடந்த தாக்குதலில் 14ஆவது சீக்கியப் படைப்பிரிவு தன் வீரர்களில் பெரும்பாலானோரை ஒரே நாளில் இழந்தது. ஹெல்லிஸ் நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ள 20,000-க்கும் மேற்பட்ட பெயர்களுள் இந்திய வீரர்களின் பெயர்களும் உள்ளன. அச்சின்னத்தின் படத்தைக் கட்டுரையில் வெளியிட்டுள்ள ஆசிரியர், படத்தின் கீழ் இதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டுகிறேன்.