வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைத்தார்கள்

தொலைக்காட்சி விவாதத்தில் ஓர் அரசியல்வாதி பேசிய அந்தக் காணொளித் துண்டை இங்கே எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். யார் பேசியது, எந்தத் தொலைக்காட்சி என்பதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. வேலை போனவர்கள் மாதத் தவணை கட்ட முடியாமல் தவிக்கிறார்களே என்று நெறியாளர் கேட்கிறார். கடன் வாங்கச் சொல்லி யாரும் உங்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை, இது சுதந்திரச் சந்தை, கையெழுத்துப் போட்டவர்தான் கட்ட வேண்டும் என்று பதில் வருகிறது. சிரித்துக்கொண்டே வருகிறது. பதிலைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆறவில்லை.

அழைத்தார்கள். வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைத்தார்கள். சம்பளம் ஏறிய மறுநாளே ‘உங்களுக்கு ஐந்து லட்சம் ஒப்புதலாகிவிட்டது, ஒரு கிளிக் போதும்’ என்று குறுஞ்செய்தி வருகிறதே, அது அழைப்பு இல்லையா? கிரெடிட் கார்டு வரம்பை உயர்த்தச் சம்மதமா என்று மாதம் தவறாமல் வரும் தொலைபேசி அழைப்பு எதற்காக? பொருள் வாங்கும் இடத்தில் ‘வட்டியே இல்லாத தவணை’ என்று பலகை வைத்தது கடன் வாங்கியவரா? வட்டியில்லாத் தவணை என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடியை நிறுத்திவிட்டு, அந்தத் தொகைதான் வட்டியாகப் போகிறது. கார்டில் போட்டால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி, செயலாக்கக் கட்டணம் தனி. பலகை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. சந்தை என்றால் இரண்டு பக்கத்துக்கும் சந்தையாக இருக்க வேண்டும். வாங்கியவர் தப்புக் கணக்குப் போட்டால் அவர் நஷ்டப்படட்டும். கொடுத்தவர் தப்புக் கணக்குப் போட்டால் அவரும் நஷ்டப்படட்டும். முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை அரசாங்கம் தாங்கிப் பிடிக்கிறது என்றால், அதை மக்களிடம் நேராகச் சொல்லுங்கள். சந்தையின் பெயரைச் சொல்லி ஏழை எளியவனை மட்டும் அதட்டாதீர்கள்.

கையெழுத்து கையெழுத்து என்கிறீர்கள். எதில் கையெழுத்துப் போடுகிறார் என்று ஒருமுறை பாருங்கள். 12 சதவீதம் பிளாட் வட்டி, மூன்று வருடம், ஒரு லட்சம் கடன். வருடம் 12,000 வீதம் 36,000 வட்டி, மாதம் 3,778 தவணை. கேட்பதற்கு 12 சதவீதம். ஆனால் மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்குமே ஓடுகிறது. குறையும் அசலில் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி சுமார் 21 சதவீதம். இதில் செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம் பிடித்துக்கொண்டு 98,000 கையில் கொடுத்தால் அது இன்னும் ஏறும். எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து வருடாந்திர விகிதம் இவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதி எல்லாச் சில்லறைக் கடனுக்கும் கட்டாயமானது 2024 அக்டோபர் 1 முதல்தான். அதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேருக்கு இந்த 21 தெரிந்திருக்கும்?

கார்டு இதைவிட மோசம். மாதம் 3.5 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பாக்கி. குறைந்தபட்சத் தொகை 5,000 கட்டினால் போதும் என்று அறிக்கையில் தடித்த எழுத்தில் இருக்கிறது. வட்டி 3,500, அதற்கு ஜிஎஸ்டி 630, ஆக 4,130 அங்கேயே போய்விட்டது. அசலில் கழிந்தது 870 ரூபாய். அதோடு, முழுப் பாக்கியைக் கட்டாத மாதத்திலிருந்து வட்டியில்லாக் கால அவகாசமும் போய்விடும். புதிதாக மருந்து வாங்கினாலும், மளிகை வாங்கினாலும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். குறைந்தபட்சம் கட்டிவிட்டோமே என்று நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இதை எதிர்த்து நீதிமன்றம் போகலாமே என்பீர்கள். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1984-ல் சேர்த்தது. வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக, வங்கியும் கடனாளியும் செய்துகொண்ட கணக்கை எந்த நீதிமன்றமும் மறுபடி திறந்து பார்க்கக் கூடாது என்கிறது. கந்துவட்டிக்காரரை 1918-ன் மிகை வட்டிக் கடன் சட்டத்தில் நீதிமன்றத்தில் நிறுத்தலாம், வங்கியை நிறுத்த முடியாது. 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்ன தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். ஆனால் கடன் கொடுப்பவரைச் சுற்றி அரசே இப்படி ஒரு வேலி போட்டுவிட்டு, உள்ளே நின்றுகொண்டு சுதந்திரம் என்று பேசுவது எப்படி?

சரி, 2020-க்கு வருவோம். ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 23.9 சதவீதம் சுருங்கியது என்று அரசின் முதல் மதிப்பீடே சொன்ன காலம். மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணை அவகாசம் அறிவித்தது, மே 22-ல் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. மேடையிலும் திரையிலும் மக்களுக்கு நிவாரணம் என்று முழங்கினார்கள். வட்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. கட்டாத மாதத்தின் வட்டி அசலோடு சேர்ந்தது. 30 லட்சம் வீட்டுக் கடன், 15 வருடம் மீதி, மூன்று மாதம் தள்ளிவைத்தால் கூடுதல் வட்டி சுமார் 2.34 லட்சம், அதாவது எட்டுத் தவணை என்று பாரத ஸ்டேட் வங்கியே அப்போது கணக்குப் போட்டு வெளியிட்டது. மூன்று தவணையைத் தள்ளிவைக்க எட்டுத் தவணை. வங்கி நேர்மையாகச் சொன்னது. அரசியல்வாதிகளில் ஒருவர்கூட இந்த எண்ணை மேடையில் சொல்லி நான் கேட்கவில்லை.

அப்போது உள்பெட்டியில் எழுதிய ஒரு சகோதரியைச் சொல்ல வேண்டும். கணவருக்குச் சம்பளம் பாதியாகிவிட்டது, ஆனாலும் எப்படியாவது தவணை கட்டியிருக்க முடியும், கையிலிருந்த பணத்தைச் சேமிப்பாக வைத்துக்கொண்டு ஆறு மாதமும் அவகாசம் எடுத்துக்கொண்டார்கள். அரசாங்கமே கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டதே அண்ணா என்று எழுதியிருந்தார். செப்டம்பரில் கணக்கைப் பார்த்தபோது கடன் காலம் ஒரு வருடத்துக்கும் மேல் நீண்டிருந்தது. அவர் பேராசைப்பட்டாரா? ஆடம்பரம் செய்தாரா? மேடையில் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

அந்த ஆண்டு அக்டோபரில் வட்டிக்கு வட்டியை அரசே ஏற்கும் என்று இன்னொரு அறிவிப்பு வந்தது, இரண்டு கோடி வரையிலான கடன்களுக்கு. தீபாவளிப் பரிசு என்றார்கள் சிலர். கணக்கைப் பாருங்கள். 30 லட்சம், 8 சதவீதம், ஆறு மாதம். தனி வட்டி 1,20,000. கூட்டு வட்டி 1,22,018. அரசு கொடுத்தது அந்த வித்தியாசம்: 2,018 ரூபாய். கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

அதே 2020-ல் நிறுவனங்களுக்கு என்ன நடந்தது? ஜூன் 5-ல் அவசரச் சட்டம். திவால் சட்டத்தில் 10ஏ என்று புதுப் பிரிவு. மார்ச் 25 முதல் கடன் கட்டத் தவறியதற்காக ஒரு நிறுவனத்தின் மீது திவால் மனு போடவே முடியாது, முதலில் ஆறு மாதம், பிறகு நீட்டித்து ஒரு வருடம். அந்தக் காலத்தில் விழுந்த பாக்கிக்கு எக்காலத்திலும் அந்தச் சட்டத்தில் மனு போட முடியாது என்றே எழுதியிருக்கிறது. மந்தநிலையில் நல்ல நிறுவனங்கள் அழியக் கூடாது என்பது காரணம். நியாயமான காரணம், நான் ஏற்கிறேன். அதே நியாயம் சம்பளம் பாதியான வீட்டுக்கு ஏன் பொருந்தவில்லை?

அதற்கு முந்தைய ஆண்டு, 2019 செப்டம்பர் 20-ல், மந்தத்தைக் காரணம் காட்டி நிறுவன வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று அரசே சொன்னது. 2017 அக்டோபரில் பொதுத்துறை வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி மூலதனம் அறிவித்தார்கள். பெருநிறுவனங்களுக்குத் தப்பாகக் கொடுத்த கடன் திரும்பாமல் போன ஓட்டையை அடைக்கத்தான். சந்தை விதிப்படி பார்த்தால் அந்த ஓட்டை வங்கியின் பங்குதாரர் தலையில் விழ வேண்டும். பங்குதாரர் அரசு, அரசின் பணம் நம் வரி. அன்றைக்கு எவரும் வந்து கையெழுத்துப் போட்டவர் கட்டட்டும் என்று சிரிக்கவில்லை.

கீழே வரப்போகும் கருத்துகள் எனக்குத் தெரியும். ‘சார், வங்கிகள் பெருநிறுவனங்களின் வராக் கடனை ஏட்டிலிருந்து எடுக்கும் ரைட் ஆஃப் வேறு, தள்ளுபடி வேறு, அது வெறும் கணக்குப் புத்தக மாற்றம்’ என்று ஒருவர் கட்டாயம் வருவார். தம்பி, தெரியும். ஏட்டிலிருந்து எடுத்தாலும் வசூல் தொடரலாம், உண்மை. ஆனால் திவால் தீர்வுக்குப் போன கடன்களில் கொடுத்தவர்களுக்குத் திரும்பி வந்தது, பாக்கி என்று ஏற்கப்பட்ட தொகையில் மொத்தமாகப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். சில வழக்குகளில் 95 சதவீதம் வரை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று நாடாளுமன்ற நிதிக்குழுவே 2021 ஆகஸ்டில் கவலைப்பட்டது. வேண்டுமென்றே கட்டாதவர்களோடும் வங்கிகள் சமரசம் பேசலாம் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8-ல் சுற்றறிக்கை விட்டது. இதெல்லாம் கணக்குப் புத்தக மாற்றமா?

‘அப்படியென்றால் எல்லாக் கடனையும் ரத்து செய்யச் சொல்கிறாயா, வைப்பு வைத்தவர் பணம் என்னாவது?’ இல்லை. ஒரு இடத்தில்கூட நான் அப்படிச் சொல்லவில்லை. வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. கொடுத்தவருக்கும் பொறுப்பு வேண்டும் என்கிறேன்.

‘நீ அந்தக் கட்சி, அதனால்தான் இப்படி.’ இதைப் படிக்கும்போதுதான் உண்மையிலேயே வலிக்கிறது. எந்தக் கட்சியானாலும் எனக்கு ஒரே கேள்விதான். 2021 தேர்தலில் கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரை நகைக் கடன் தள்ளுபடி என்று திமுக வாக்குறுதி கொடுத்தது. தள்ளுபடி வரும் என்று எண்ணி வட்டி கட்டாமல் காத்திருந்த குடும்பங்கள் எத்தனை! அந்த ஆண்டு டிசம்பரில் தகுதிக் கணக்கு வெளிவந்தபோது, சுமார் 48 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கும் மேல் தகுதியில்லை என்று ஆனது. முறைகேடாகக் கடன் வாங்கியவர்களை நீக்கியது சரி. மொத்த நகை 40 கிராமை, அதாவது 5 பவுனைத் தாண்டினால் அடியோடு கிடையாது, இன்னின்னாருக்குக் கிடையாது என்பதை வாக்குக் கேட்ட அன்றே சொல்லியிருந்தால், அந்த மாதங்களின் வட்டி அவர்கள் தலையில் ஏறியிருக்காது. ஒருவர் சந்தை என்று சொல்லி ஏமாற்றுகிறார், இன்னொருவர் தள்ளுபடி என்று சொல்லி ஏமாற்றுகிறார். நடுவில் வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது.

‘சிக்கனமாக இருந்திருக்கலாமே’ என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு இப்போது பொறுமை இல்லை. மருத்துவமனைக்கும் கல்விக் கட்டணத்துக்கும் கார்டைத் தேய்த்தவரிடம் போய்ச் சிக்கனம் பேசுங்கள்.

நம் வீடுகளில் கடன் கட்ட முடியவில்லை என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள். மானம் போய்விடும் என்று மனைவியிடம்கூட மறைப்பவர்கள் இருக்கிறார்கள். வசூல் முகவர்கள் பிழைப்பதே அந்த வெட்கத்தில்தான். மாமனார் வீட்டுக்குப் போன், அலுவலகத்துக்குப் போன். பெருநிறுவன முதலாளியின் மாமனாருக்கு எந்த வங்கியாவது போன் செய்ததுண்டா? அந்த நாற்காலியில் இருந்துகொண்டு சிரித்தவர், இந்த வெட்கத்தில் ஒரு நாள் வாழ்ந்து பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

உண்மையிலேயே சந்தையை நம்புகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. திவால் சட்டம் 2016-ல் நிறைவேறியது. அதன் மூன்றாம் பாகம் தனிநபர்களுக்கானது. ஆண்டு வருமானம் 60,000-க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடு இல்லாதவர்களுக்குப் ‘புதிய தொடக்கம்’ என்று கடன் நீக்கும் வழியே அதில் எழுதியிருக்கிறது. 2019 டிசம்பர் 1-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது, நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கான பகுதியை மட்டும். சாதாரண மனிதருக்கான பகுதி இன்னும் தாளில்தான் கிடக்கிறது. அவருக்குக் கிடைப்பது 1909, 1920-ம் ஆண்டுகளின் வெள்ளைக்காரன் காலச் சட்டங்கள். அடுத்த விவாதத்தில் நெறியாளர் இதைக் கேட்கட்டும்: அந்தப் பாகத்தை எப்போது நடைமுறைக்குக் கொண்டுவருவீர்கள்?

அதுவரை, உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, உறவினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, இது ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கை. அழைப்பு வந்த நேரத்தையும் எண்ணையும் குறித்து வையுங்கள். முதலில் வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதிலில் நியாயம் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. பாக்கியைவிடக் குறைந்த தொகையில் முடித்துக்கொள்ளும் செட்டில்மென்ட் பேசினால், அந்தத் தொகையை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள், கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது ‘செட்டில்டு’ என்றுதான் வரும், ‘குளோஸ்டு’ என்று வராது. அடுத்த கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். முழுதும் கட்ட வழியிருந்தால், அவகாசம் கேட்டாவது முழுதும் கட்டி முடிப்பதுதான் நல்லது.