சிமியோனேவைக் கேலி செய்கிறவர்களுக்கு

நேற்றிலிருந்து, 2025 சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக அட்லெடிகோ மாட்ரிட் வீரர் ஆல்வாரெஸ் அடித்து ரத்தான அந்தப் பெனால்டி வீடியோவை மறுபடியும் சுற்ற விட்டிருக்கிறீர்கள். கூடவே அட்லெடிகோ பயிற்சியாளரைப் பற்றி "சிமியோனேவுக்கு ராசி இல்லை, போகச் சொல்லுங்க" என்று ஒரு வரி. என்னை டேக் செய்தவர்களில் இரண்டு பேர் நெருங்கிய நண்பர்கள், அதுதான் வலிக்கிறது.

அவர் வந்தபோது அட்லெடிகோ எப்படி இருந்தது? 2011 டிசம்பர். மூன்றாம் நிலை லீக்கில் ஆடிய அல்பசேட்டேயிடம் தோற்றுக் கோப்பையிலிருந்து வெளியேறிய அணி. 1999க்குப் பிறகு ரியல் மாட்ரிட்டை ஒருமுறைகூட ஜெயிக்காத அணி. அதை வைத்து ஐந்தே மாதத்தில் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையான யூரோப்பா லீக் வாங்கினார். 2013இல் அதே ரியலை அவர்கள் மைதானமான பெர்னபேயுவிலேயே வீழ்த்தி, ஸ்பெயின் கோப்பையான கோப்பா டெல் ரே. 2014இல் ஸ்பெயினின் முதல்நிலை லீக்கான லா லிகா, அதுவும் கடைசி நாளில் பார்சிலோனாவின் மைதானத்தில், நம் தற்காப்பு வீரர் கோடின் தலையால் முட்டிப் போட்ட கோலில். வந்தபோது என்ன இருந்தது என்று பார்க்காமல் எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்?

"தற்காப்பு ஆட்டம், பார்க்கச் சகிக்கலை" என்பீர்கள். இரண்டு பெரும் பணக்கார கிளப்புகளுக்கு நடுவில் பிழைக்க வேண்டியவன் வேறு எப்படி ஆடுவான்? பார்சிலோனா வேண்டாம் என்று அனுப்பிய சுவாரெஸ்தான் 2021இல் வயாதோலித்தில் லீக்கை ஜெயித்த கோலைப் போட்டுவிட்டு, புல்தரையில் உட்கார்ந்து போனில் வீட்டாரிடம் அழுதார். அவரை நம்பியது யார்? பெரும் விலை கொடுத்து வாங்கியும் சரிவராமல் போன ஜோவாவ் ஃபெலிக்ஸ் விஷயம் தப்புதான், சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எல்லாமே தப்பா?

2014இல் லிஸ்பனில் ரியலோடு ஆடிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, நம் நேரம் நள்ளிரவு 12:15க்குத் தொடங்கியது. அப்பா எனக்காக விழித்திருந்தார், அவருக்கு ஆஃப்சைட் என்றால் என்னவென்றுகூடத் தெரியாது. 90 நிமிடம் முடிந்ததும் ஜெயித்தாச்சு என்று டீக்குப் பால் வைக்கப் போனேன். திரும்பி வந்தால் ரியலின் ராமோஸ் தலையால் முட்டிச் சமன் செய்துவிட்டார், 93வது நிமிடம்; கூடுதல் நேரத்தில் தோற்றோம். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் அடுப்பைத் துடைத்தார். அதற்கப்புறம் 2016 மிலன் இறுதிப் போட்டியில் பெனால்டியில் மறுபடி ரியலிடம் தோல்வி. அதை எல்லாம் பார்த்தவனிடம் வந்து ராசி இல்லை என்கிறீர்கள்.

சிமியோனே வீரராக 1996இல் இதே கிளப்புக்கு லீக்கும் கோப்பையும் வாங்கித் தந்தவர். உங்களுக்கு 1998 உலகக் கோப்பையில் அவரை உதைத்து இங்கிலாந்தின் பெக்காம் வாங்கிய சிவப்பு அட்டை மட்டும்தான் ஞாபகம்.

கடைசியாக அந்தப் பெனால்டி. கால் வழுக்கி, பந்து இரண்டு முறை பட்டது என்று கோலை ரத்து செய்தார்கள். சில மாதங்களில், தெரியாமல் இருமுறை பட்டுக் கோலானால் மறுபடி அடிக்கவிட வேண்டும் என்று விதியையே தெளிவுபடுத்தினார்கள். அந்தச் செய்தியை உங்களில் ஒருத்தர்கூடப் பகிரவில்லையே.